பூட்டுக்கு முன்னால்

கனாட்டாவில் மைனஸ் ஒன்பது.
பனிவாரி வண்டியின் உப்புத் தூவிக்கு
டிரைவர் எழுதுவது என் வேலை.

நேற்றிரவு மார்ச் ரோட்டில் ஒரு வண்டி
வயிறு நிறைய உப்போடு
அப்படியே நின்றுவிட்டது.
லாகில் கடைசியாக இருந்தது இதுதான்:
தூங்கக் கூடாத இடத்தில் தூங்கப் பார்த்தது.

வரி நானூற்றுப் பன்னிரண்டு. என் கை.
ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டே
நூற்றிருபத்தெட்டு பைட் கேட்டிருக்கிறேன்,
அதுவும் ஆற அமர:
இல்லாவிட்டால் பரவாயில்லை,
எதையாவது வட்டில் இறக்கிவிட்டு
மெல்லக் கொடு, காத்திருக்கிறேன் என்று.
சாவியோடு தூங்கிப்போனேன்.
வெளியே மற்ற கோர்கள்
நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தன.

ஒரு சொல்லை மாற்றினால் போதும்.
கெர்னல் என்றிருந்ததை அட்டாமிக் என்று.
மாற்றினேன்,
பயத்தில், பதினேழு இடங்களில்.

மதியம் ஒடீல் பூஷார் திருப்பி அனுப்பினாள்.
பதினேழும் ஆம்புலன்ஸா?
அவசரத்துக்கென்று ஒதுக்கிய கொஞ்சத்தை
கருவி சோம்பல் முறித்து எழும் வேளையில்
ஏன் சுரண்டுகிறாய்?
கீழே இன்னொரு வரி:
இல்லை என்று வந்தால் என்ன செய்வாய்?
எங்கேயும் எழுதக் காணோம்.

நாலு மணிக்கு விண்ட்சரிலிருந்து தம்பி.
அக்கா மூவாயிரம். இப்பவே.
இருக்கா இல்லையா?

போன தடவை
பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.
பார்த்தேன், பத்து நாள்.
எதைப் பிடித்துக்கொண்டு கேட்டான் என்று
நான் கேட்கவேயில்லை.

இல்லைடா, என்று எழுதினேன்.
கை கொஞ்சம் நடுங்கியது.
உடனே வந்தது:
சரி. வேற வழி வச்சிருக்கேன்.

பதினாறைப் பழையபடி ஆக்கினேன்.
இன்டரப்டில் ஓடுகிற ஒன்று மட்டும் அட்டாமிக்.
அதன் கீழே இல்லைக்கென்று இரண்டு வரி:
இந்த அளவீட்டை விட்டுவிடு,
உப்பை விடாதே.

நானூற்றுப் பன்னிரண்டைத் தூக்கிப்
பூட்டுக்கு மேலே வைத்தேன்.
முதலில் கேள். கிடைக்கும்வரை தூங்கு.
அப்புறம் பூட்டு.

வீடு திரும்பும்போது எனக்கு முன்னால்
ஒரு பனிவாரி, நீல விளக்கோடு.
உப்பு கண்ணாடியில் பட்டுத் தெறித்தது.
அதில் இன்னும் பழைய டிரைவர்தான் ஓடுகிறது.
கொஞ்சம் இடைவெளி விட்டே
பின்னால் போனேன்.