துருப்பிடிக்காததன் பக்கத்தில்

மார்ச்சில் செத்தவை பத்தொன்பதாயிரம்.
உள்ளங்கை நீள சால்மன்கள்.
ஹோக்னி வலையால் அள்ளினான், நான் எண்ணினேன்;
எண்ணாவிட்டால் காப்பீட்டுக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

குற்றவாளி பழைய வெப்பமாற்றி.
எஃகுத் தகடுகள், அவற்றை ஒட்டவைக்கச் செம்பு.
கடல்நீர் அந்த ஒட்டை நக்கி நக்கித் தின்றிருந்தது.
நமக்குச் செம்பு பாத்திரம்.
மீனின் செவுளுக்கு நஞ்சு.
ரம்பத்தால் பிளந்தபோது உள்ளே ஒரு பச்சை,
ஃபாரோவின் எந்தச் சரிவிலும்
எந்த ஆடும் மேயாத பச்சை.

புதியது ஜூனில் கப்பலில் வந்தது.
தனியாகவே தூக்கிவிட்டேன், அவ்வளவு லேசு.
டைட்டானியம், என்றான் ஹோக்னி,
தேவாலயத்தில் பேசும் குரலில்.
போல்ட் இல்லை, ரப்பர் இல்லை.
காற்றே இல்லாத உலையின் சூட்டில்
நாற்பது தகடுகளும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டவை,
இனி யாராலும் பிரிக்க முடியாது.
ஒரு சந்தில் கடல், அடுத்த சந்தில் தொட்டி நீர்,
நடுவே நகத்தளவு கனம்.
சூடு கடக்கும். உப்பு கடக்காது.

கையேட்டில் படித்தேன்:
இதுவும் துருப்பிடிக்கும்.
காற்றுப் பட்ட முதல் கணத்தில்,
கண்ணுக்குத் தெரியாத ஒரு தோலாக.
பிறகு போதும் என்று நிறுத்திக்கொள்ளும்.
கீறினால் மறுபடி அதே தோல், கேட்காமலே.
அந்தப் பக்கத்தின் மூலையை மடக்கி வைத்தேன்.

என்னைப் பற்றியும் அப்படித்தான் பேச்சு.
அப்பாவின் படகு திரும்பாத வாரத்திலும்
விடுப்பு எடுக்காதவள்.
பெட்டி கட்டும்போது யாக்குப் சொன்னான்:
உன்னோடு இருந்து தேய்ந்தது நான்தான், ரன்வா.
உன்மேல் ஒரு கீறல் இல்லை.
பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.
அவன் போனதும்
கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டேன்.

பிப்ரவரி. காற்று ஜன்னல்களில்
உப்பைப் பூசிக்கொண்டிருந்த இரவு.
பம்ப் அறையில் சொட்டு.
டார்ச்சோடு மண்டியிட்டேன்.
டைட்டானியம் வந்த நாள்போலவே, மங்கிய வெள்ளி.
அதைப் பிடித்திருந்த எஃகுக் குழாயின் விளிம்பு
நனைந்த ரொட்டியாய் விரலோடு வந்தது.
எட்டே மாதம்.
பழையதோடு பதினோரு வருடம் தாங்கிய குழாய்.

ஹோக்னி போனில், பாதித் தூக்கத்தில்:
உப்புநீரில் இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டால்
கெட்டியானது அப்படியே நிற்கும்,
மற்றது கொடுத்துக்கொண்டே இருக்கும்,
தீரும்வரை.
யார் குற்றமும் இல்லை.
யார் குற்றமும் இல்லை
என்று அவன் இரண்டு முறை சொன்னானா,
நான் இரண்டு முறை கேட்டேனா.

வைத்தியம் சின்னதுதான்.
இடையில் ஒரு முழம் பிளாஸ்டிக் குழாய்,
போல்ட்டுகளுக்கு நைலான் உறை.
தண்ணீர் போய்வரட்டும்,
உலோகம் உலோகத்தைத் தொட வேண்டாம்.

மாட்டி முடிக்க ஐந்து மணி.
தொட்டியில் பன்னிரண்டு டிகிரி,
மீன்கள் எல்லாம் ஒரே திசைக்கு எதிர்நீச்சல்.
யாக்குப்பின் எண் போனில் இன்னும் இருக்கிறது.
எடுத்தேன். வைத்தேன்.
கையெல்லாம் செம்பழுப்பு.

பழுதுக்குப் படிவம் உண்டு.
காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்:
அருகாமை.
காலையில் ஹோக்னி அதை அடித்துவிட்டு
மின்வேதி அரிப்பு என்று திருத்தி,
கையெழுத்துப் போட்டு,
காபி இருக்கிறதா என்று கேட்டான்.