விழுந்த ரொட்டி

கைக்கடிகாரத்தை வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள்.
எனக்கொன்றும் நட்டமில்லை.
ஓஷ் நகரில் இரவு இரண்டு மணிக்கு மாவில் கைவைக்கும் எவனும்
முள்ளைப் பார்த்து ரொட்டி எடுப்பதில்லை.
எள் வெடிக்கும், விளிம்பு சிவக்கும்,
மிச்சத்தை மூக்கு சொல்லும்.

பிஷ்கெக்கில், மூன்றாம் மாடியில்,
இந்த அறைக்கு வாசனையே இல்லை.
சுவரில் ஒரு கடிகாரம்.
அறுபது நிமிடம், மூன்று கட்டுரை, நாற்பது கேள்வி.
கட்டணம் எண்ணூறு ரொட்டியின் விலை.
ஆகக் கேள்விக்கு இருபது ரொட்டி,
இருபது ரொட்டிக்கு ஒன்றரை நிமிடம்.
கணக்கு எனக்கு வரும்.
ஆங்கிலம்தான் சில நாள் வரும், சில நாள் வராது.

"முதல் கட்டுரையில் உட்கார்ந்துவிடாதே,
அது நல்லவன் மாதிரி பேசி நேரத்தைத் தின்றுவிடும்"
என்று படியேறும்போது சொன்னாள் நாசிபா.
இதே தேர்வை மூன்று முறை எழுதியவள்.

முதலாவது, உப்புச் சுரங்கம். பதினாறு நிமிடம்.
இரண்டாவது, விட்டில்பூச்சிகள்.
கேள்வி பத்தொன்பது:
விட்டில்கள் நிலவை வைத்தே வழி அறிகின்றன.
சரியா, தவறா, சொல்லப்படவில்லையா?

இருக்கலாம் என்கிறது ஒரு வரி.
இருந்தும், என்கிறது அடுத்தது.
மேலே போனேன், கீழே வந்தேன்,
விரலால் ஒவ்வொரு சொல்லாகத் தடவினேன்.
நிமிர்ந்தபோது ஏழு நிமிடம் போயிருந்தது.
தொண்ணூற்றுச் சொச்சம் ரொட்டி.

அடுப்படிக்கு வந்த முதல் மாதம்
தந்தூர்ச் சுவரிலிருந்து ஒரு ரொட்டி கழன்று
தணலில் விழுந்தது.
கொக்கியை நீட்டி, முழங்கை மயிர் பொசுங்க,
அதையே துழாவிக்கொண்டிருந்தேன்.
சுவரில் இருந்த பதினொன்றும் கரிந்தன.
விழுந்ததும் கிடைக்கவில்லை.

பத்தொன்பதுக்கு எதையோ எழுதினேன்.
எரியட்டும்.

மூன்றாவதற்கு மிஞ்சியது பதினேழு நிமிடம்.
கேள்விகள் பதினான்கு.
பொருள்: மனிதர் ஏன் கொட்டாவி விடுகிறார்கள்.
இரண்டாம் பத்தியிலேயே எனக்கு வந்துவிட்டது.
என்னைப் பார்த்துப் பச்சை ஸ்கார்ஃப் பெண்ணுக்கு,
அவளைப் பார்த்துக் கண்காணிப்பாளருக்கு;
பெயர்ப்பட்டியலால் வாயை மூடிக்கொண்டார்.
கட்டுரை சொல்வது மெய்தான் என்று
சாட்சி எழுத விடைத்தாளில் இடமில்லை.

கடைசி இரண்டுக்கும் ஒரே எழுத்தைப் போட்டேன்.
பென்சிலை வைக்கச் சொன்னார்கள்.

ஹாலிஃபாக்ஸில் ஒரு பேக்கரி ஆள் கேட்கிறது.
அங்கே அடுப்பே மணியடித்துச் சொல்லுமாம்,
வெந்துவிட்டது என்று.
மூக்கை என்ன செய்வது என்று
விளம்பரத்தில் சொல்லப்படவில்லை.

ஓஷுக்குத் திரும்பும் ஷேர் டாக்சி
மலைக்கு இந்தப் பக்கம் ஒரு டீக்கடையில் நின்றது.
கடிகாரம் பைக்குள். எடுக்கவில்லை.
உள்ளங்கை மாவு தேடியது, மணி இரண்டு.
நிலவும் இருந்தது, மலைக்கு மேல், முழுசாக.
விட்டில்கள் டியூப் லைட்டை மோதிக்கொண்டிருந்தன.
டீ ஆறும்வரை பார்த்தேன்.
டிரைவர் ஹாரன் அடித்தான்.