முப்பதாம் தலைமுறை

களக்காட்டிலிருந்து லோடு ஆட்டோவில்
தார் வெட்டிய ஏத்தன் வாழைகள் வந்தன.
அபிஷேகப்பட்டி வாசலில்
காவலர் கேட்டார்:
'எந்தக் கோயில் கொடைக்கு?'
'ஈஸ்டுக்கு' என்றேன்.
'அது எங்க இருக்கு' என்றபடியே
பதிவேட்டில் ஊர்ப்பெயராக எழுதிக்கொண்டார்.

வண்டி ஓட்டிவந்த முப்பிடாதி
டீசலுக்கு மட்டும் அறுநூறு கேட்டாள்.
'இதுல இருந்து டீசலா எடுக்கப் போறிய?'
டீசல் இல்லை,
எரிகிற சாராயம், பெட்ரோலில் கலக்கலாம் என்றேன்.
'அம்புட்டு மட்டைக்கும் எவ்வளவு வரும்?'
இருமல் மருந்துக் குப்பி அளவைக்
கையால் காட்டினேன்.
வண்டியைத் திருப்பி முடிக்கும்வரை சிரித்தாள்.

நறுக்கி, காயவைத்து, பொடித்து,
நீர்த்த அமிலத்தில் அவித்தால்
மட்டையிலிருந்து சர்க்கரைகள் பிரியும்.
ஒன்றை ஈஸ்ட் ஆவலாய்த் தின்னும்.
இன்னொன்றைத் தொடாது,
மறுவீட்டுச் சொதியில்
மாப்பிள்ளை ஒதுக்கிவைக்கும் முருங்கைக்காயைப் போல.

கரையானுக்கு அந்தப் பவிசெல்லாம் கிடையாது.
எங்கள் துறையின் பழைய ஆய்வேடுகளை
அட்டையோடு, முன்னுரையோடு தின்றிருக்கிறது.
அதன் குடலில் குடியிருக்கும் ஒரு நுண்ணுயிரின்
மரபணுவைப் படியெடுத்து
வளையமாகச் சுருட்டி
ஈஸ்டுக்குள் அனுப்பினோம்.
'தின்ன கடனைக் கரையானே அடைக்கட்டும்'
என்றார் ஞானதிரவியம் சார்.

அடைத்தது.
ஒதுக்கியதையும் வழித்துத் தின்றது.
வடித்ததைக் கண்ணாடித் தட்டில் ஊற்றிக்
கொளுத்தினோம். ஒன்றும் தெரியவில்லை.
நல்லவேளை கரண்ட் போயிற்று.
இருட்டில்
ஒரு விரற்கடை நீலம்
நின்று எரிந்தது.
யாரும் கைதட்டவில்லை.
அணையும்வரை மூச்சைக்கூட மெதுவாக விட்டோம்.

மறுவாரம் மதுவிலக்கு ஆய்வாளர் சங்கரநயினார் வந்தார்.
கணக்கு கேட்டார்.
பதினோரு மில்லி, எரித்தது மூன்று, மீதி எட்டு.
முகர்ந்து பார்த்துவிட்டு
'இதுல கொசுவுக்குக்கூட ஏறாதம்மா' என்று
கையெழுத்துப் போட்டார்.

முப்பதாம் தலைமுறையில் நின்றுவிட்டது.
பாதி வயிற்றோடு பந்தியை விட்டு எழுந்தாற்போல
பழைய சர்க்கரையை முடித்ததும் சும்மா இருந்தது.
வெப்பம் சரி, காற்று சரி, அமிலம் சரி.
மூன்று இரவு குடுவையைத் திட்டினேன்,
சவமே, உனக்கு என்னதான் வேணும்.
பிறகுதான் உள்ளே தேடினோம்.
வளையத்தைக் காணோம்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை
இரண்டாகப் பிரிகிற உயிர்.
ஒவ்வொரு முறையும்
முன்பின் தெரியாத கரையான் வீட்டுக் கடிதத்தை
முழுதாய் நகலெடுத்து
மகளிடம் கொடுக்கவேண்டும்.
எவளோ ஒருத்தி கொடுக்க மறந்தாள்.
அவள் வெறுங்கையோடு நடந்தாள், வேகமாக நடந்தாள்.
இப்போது குடுவை முழுக்க அவள் பிள்ளைகள்.

எனக்கு உதவித்தொகை வந்து
ஏழு மாதம் ஆகிறது.
நான் இன்னும் இறக்கிவைக்கவில்லை.
இது உறுதியா கோட்டித்தனமா என்று
அளக்கக் கருவி எதுவும்
இந்த மாடியில் இல்லை.

இம்முறை வளையமாக விடவில்லை.
குரோமோசோமின் நடுவிலேயே வெட்டித் தைக்கிறோம்.
இனி நினைத்தாலும் கழற்ற முடியாது,
எலும்பைக் கழற்ற முடியாததைப் போல.
இதற்கு நிலைத்தன்மை என்று பெயர்.
நோட்டில் எழுதி அடிக்கோடிட்டேன்.
கோடு கொஞ்சம் கோணிவிட்டது.

சாயங்காலம் முப்பிடாதி போன் செய்தாள்.
'தார் வெட்டியாச்சு, மட்டை சும்மா கெடக்கு,
கொண்டாரவா? குப்பி நெறஞ்சிதா?'
'பாதி' என்றேன். அதுவும் பொய்.
கொஞ்சநேரம் கணக்குப் போட்டாள்.
'அப்ப இந்த வாட்டியும்
டீசல்லதான் வரணும்' என்றாள்.