பதினெட்டு மில்லிமீற்றர்

மூடியைத் திறக்க முன்னமே மணந்தது.
முந்திரிகைப்பழ வாசம்.
கிளிநொச்சி ஆய்வுகூடத்தில் பதினொரு வருசம்,
இந்த வாசத்துக்கு இன்னும்
என் வாய் ஊறுகிறது. அதுதான் வெட்கம்.

இரண்டு நாள் சூட்டுப்பெட்டியில் கிடந்த தட்டில் பச்சை.
இரணைமடு வாய்க்கால் வற்றின பிறகு
கல்லில் மிஞ்சுமே, அந்தப் பச்சை.
லேபலில் பெயரில்லை.
சுகிர்தமலரின் பிள்ளை, பெண்,
ஒன்று தசம் ஒன்று கிலோ, நாலாம் கட்டில்.
தொண்டைக்குழாயால் உறிஞ்சின சளி,
அரைத் தேக்கரண்டி கூட இல்லை.

வரும்போது அவளுடைய நெஞ்சில் இது இருக்கவில்லை.
முதல்நாள் படத்தை நான் பார்த்தேன்:
அவசரப்பட்டுப் பிறந்த, சுருங்கின, சுத்தமான சுவாசப்பை.
ஒன்பதாம் நாள் படத்தில்
வலப்பக்கம் முழுக்கப் பனி.
அவளுக்கு மூச்சுக் கொடுத்த மெசினோடு
ஒரு போத்தல், காற்றை ஈரமாக்குகிற போத்தல்.
அதிலும் பச்சை.
கைகழுவுகிற பைப்பின் வாயிலும் பச்சை.

கிருமியற்ற தண்ணீர் தீர்ந்த இரவு அது.
லொறி வரவில்லை.
ஏழு பிள்ளைகள், இரண்டு மிசிமார்.
வாட்டுக் கொப்பியில்
செல்வநாயகி மிசியின் சாய்ந்த எழுத்து:
"2.40, போத்தல் நிரப்பப்பட்டது."
மூன்று மாதமாய் லீவெடுக்காதவ.
கழுவின கையை உரசிச் சூடாக்கிப்போட்டுத்தான்
பிள்ளைகளைத் தொடுகிறவ.

தாய் ஆய்வுகூட யன்னலுக்கு வந்தா.
முகமாலையில் கண்ணிவெடி எடுத்தவ,
வயிறு தெரியத் தொடங்கும்வரைக்கும்.
அழவில்லை.
"எந்த இடத்தில இருந்தது?" என்று கேட்டா,
வேலைத்தளத்தில் கேட்கிற மாதிரி.
பிறகு, கொஞ்சம் பொறுத்து,
"சுத்தமெண்டு எழுதிக் குடுத்த காணியிலயும்
நாங்கள் ஒண்டு எடுத்தனாங்கள்."

எனக்கு யாரையாவது காட்டிக்கொடுக்க வேண்டும் போலவும்
எல்லாரையும் ஒளித்துவைக்க வேண்டும் போலவும் இருந்தது.
"தண்ணியில" என்றேன்.
எந்தத் தண்ணி என்று அவ கேட்கவில்லை.

மருந்து வில்லைகள் ஆறு வைத்திருந்தேன்.
ஐந்தின் விளிம்புவரை பச்சை ஏறி நிற்கிறது.
ஆறாவதைச் சுற்றி ஒரு வெறும் வட்டம்.
அடிமட்டம் வைத்தேன், திரும்ப வைத்தேன்.
பதினெட்டு மில்லிமீற்றர்.
இப்போதைக்கு அவளுக்கென்று
துப்புரவான காணி அவ்வளவுதான்.

அந்த மருந்து யாழ்ப்பாணத்தில்.
அம்புலன்ஸ் ஆனையிறவு தாண்டிவிட்டதென்று
செல்வநாயகி மிசி ரெலிபோனில் சொன்னா.
சொல்லிவிட்டு வைக்கவில்லை.
மெசின் மூச்சு விடுவது கேட்டது,
ஒன்று, இன்னொன்று.
றிப்போட்டில் "மூலம்" என்ற கட்டம்
என் பேனைக்குக் கீழே வெறுமையாய்க் கிடந்தது.
அங்கே, யாரோ பைப்பைத் திறந்த சத்தம்.
உடனே பூட்டின சத்தம்.