குட்டைத் திரை

பெட்டியின் மூடியில் அவள் கையெழுத்து:
‘சமையலறை. அட்வெண்ட் முதல் ஞாயிறு.
ஆட்டைக் கடைசியில் எடு. கொம்பு பத்திரம்.’
எனக்கு எழுதியதல்ல.
என்னை அவளுக்குத் தெரியாது.
நான் இந்த வீட்டுக்குள் செருப்பைக் கழற்றுவதற்கு
நான்கு குளிர்காலம் முன்பே
குன்வோர் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மணி மூன்றுகூட ஆகவில்லை,
ஹெர்னோசாண்டில் இருட்டிவிட்டது.
துறைமுகத் தண்ணீர் ஈயத் தகடாய்க் கிடந்தது.
தோர்ஸ்தன் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி
மேசைமேல் வைத்தான்.
‘விறகு வேணும்’ என்று வெளியே போனான்.
கூடையில் விறகு நிறைந்தே இருந்தது.

மேலே செய்தித்தாள், அதில்
என்றோ பெய்து முடிந்த ஒரு பனிப்பொழிவின் எச்சரிக்கை.
அடியில் சிவப்புத் திரைகள்,
இஸ்திரி மடிப்புக் கலையாமல்,
கிராம்பு மணத்தோடு.
கரை நெடுக வெள்ளைப் பன்றிகள்,
ஒன்றன் வாலை ஒன்று துரத்தி.
ஒரே ஒரு பன்றிக்குக் கண் கருநீல நூலில்.
கறுப்பு தீர்ந்திருக்கும் அன்று.
கடை மூடியிருக்கும்.
போகட்டும், யார் பார்க்கப்போகிறார்கள் என்று
பல்லால் நூலைக் கடித்திருப்பாள்.
அந்தக் கண்ணில்தான்
முதல்முறை அவளைப் பார்த்தேன்.

கம்பியில் கோத்துத் தொங்கவிட்டால்
நாலு விரற்கடை குறைகிறது.
போன கோடையில் சன்னலை மாற்றினோம்,
மூன்றடுக்குக் கண்ணாடி, பைன் சட்டம்,
பேரம் பேசியதும் நான்தான்.
வளர்ந்த பிள்ளையின் மணிக்கட்டு
போன வருஷச் சட்டைக்கு வெளியே தெரிவதுபோல்
திரைக்குக் கீழே இரவு தெரிந்தது.

அலமாரி விளிம்புக்குக் காகிதக் கரை:
சிவப்புக் குல்லாக் குள்ளர்கள்
கஞ்சிப் பானையைச் சுற்றி.
மரத்தில் ஏற்கெனவே துளைகள் இருந்தன.
அவள் குத்திய இடங்களிலேயே
என் குண்டூசிகள்
எதிர்ப்பில்லாமல் இறங்கின.
செம்பு அச்சுகளை மாட்டினேன், இதயம், மீன்,
முயலோ கோழியோ, தேய்ந்துபோன ஒன்று.
கடைசியில்தான் ஆட்டை எடுத்தேன்,
வைக்கோல் உடல், சிவப்பு நாடா, ஒற்றைக் கொம்பு.
தெருவைப் பார்க்கட்டும் என்று
சன்னல் விளிம்பில் நிறுத்தினேன்.

இல்வா வந்தாள்.
பதினான்கு வயது, காதில் இயர்போன்.
குளிர்பெட்டியைத் திறந்து
பால் டப்பாவை அப்படியே வாயில் கவிழ்த்தாள்.
போகிற போக்கில் ஆட்டைத் திருப்பி வைத்தாள்.
‘அடுப்பைப் பார்த்துத்தான் நிற்கும்.
பிஸ்கட் தீய்ஞ்சா அதுதான் சொல்லணும்.’
யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை.
இன்றைக்கு நான் செய்த
ஒரே கெட்டிக்காரத்தனம் அதுதான்.

எனக்கும் ஒரு பெட்டி உண்டு,
பழைய காபித்தூள் டப்பா.
உள்ளே பித்தளைத் தேவதைச் சக்கரம்:
அடியில் மெழுகுவத்தி ஏற்றினால்
சூட்டில் சுற்றி மணியைத் தட்டும்.
நான்கு தேவதைகளில் ஒன்று
லூலியோவில் ஒரு வாடகை அறையில் தொலைந்தது.
முதல் கல்யாணம் முறிந்த டிசம்பர்,
ஒற்றை மின்னடுப்பு,
கிறிஸ்துமஸ் என்று என்னிடம் இருந்தது
இது மட்டும்தான்.
இதை இங்கே வைக்கலாமா?
டப்பாவைத் திறந்தேன், மூடினேன்,
இன்னொருமுறை திறந்தேன்.

‘அது என்ன?’
காதில் இருந்ததை எடுக்காமலே கேட்டாள்.
சொன்னேன்.
குன்வோரின் மீனை அவளே கழற்றி
அடுத்த ஆணிக்கு மாற்றினாள்.
அதற்குக் கீழே அலமாரியில்
ஒரு சாண் இடம் வந்தது.
தீக்குச்சியும் அவள்தான் கிழித்தாள்.
சக்கரம் ஒருபக்கம் சாய்ந்து,
நொண்டியபடி சுற்றியது.
மூன்று மணி, ஒரு சந்து,
மூன்று மணி, ஒரு சந்து.
‘குடிச்சவன் நடக்கிற மாதிரி இருக்கு’ என்றாள்.
போகவில்லை. நின்றாள்.

திரையைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டேன்.
என் பழைய ஏப்ரனின் நாடாப் பட்டை
ஏறக்குறைய அதே சிவப்பு,
அகலம் நாலு விரல், கொஞ்சம் கூட.
கறுப்பு நூல் நிறையவே இருந்தது.
கருநீலத்தைத் தேடி எடுத்தேன்.

வாசலில் பூட்ஸை உதறும் சத்தம்.
தோர்ஸ்தன் கை நிறைய விறகோடு நின்றான்,
ஆட்டைப் பார்த்தபடி.
அதை எங்கே இறக்கி வைப்பது என்று
அவனுக்குத் தெரியவில்லை.
கூடையில் இடமே இல்லை.