சய ஒன்று

தண்டர் பேயில் செவ்வாய் இரவு வகுப்பு.
வெளியே சய இருபத்தேழு என்கிறது
வாகனத் தரிப்பிடத்துப் பலகை.
உள்ளே என் தாளில் இரண்டு மின்கலம்,
மூன்று மின்தடை, நடுவில் ஒரு கணு.

இடப்பக்கம் பத்து வோல்ட், இரண்டு ஓமுக்கூடாக.
வலப்பக்கம் மூன்று வோல்ட், மூன்று ஓமுக்கூடாக.
நடுவால் இறங்கும் கம்பியில் ஆறு ஓம்.
எது எந்தப் பக்கம் ஓடும் என்று தெரியாது.
தெரியாமலே அம்புக்குறி போட்டுத்தான் தொடங்கவேண்டும்.
போட்டேன்:
இரண்டு மின்கலமும் கணுவுக்குக் கொடுப்பதாக,
நடுக்கம்பி வாங்கிக் கீழே கொண்டுபோவதாக.

கணு எதையும் முந்தானையில் முடிந்துவைக்காது.
வந்தது முழுக்க வெளியே போகவேண்டும்,
மாதக் கடைசியில் என் வங்கிக் கணக்கு மாதிரி.
கணுவின் அழுத்தத்துக்கு வீ என்று பெயர்.
பத்தில் வீ போக மிச்சத்தை இரண்டால் பிரித்து,
மூன்றில் வீ போக மிச்சத்தை மூன்றால் பிரித்து,
கூட்டினால் வீயில் ஆறிலொன்று வரவேண்டும்.
வீயை எல்லாம் ஒரு பக்கம் ஒதுக்க
அரையும் மூன்றிலொன்றும் ஆறிலொன்றும் சேர்ந்து
சரியாக ஒன்றாகிவிட்டன. தனியே சிரித்தேன்.
வீ ஆறு.

இடப்பக்கம் இரண்டு ஆம்பியர். நல்லது.
நடுவில் ஒன்று. அதுவும் நல்லது.
வலப்பக்கம்
சய ஒன்று.

அழித்தேன். திரும்பச் செய்தேன். அதே சய.
மூன்றாம் தரம் அழிறப்பரை எடுக்கத்
தாளின்மேல் கையை வைத்தாள் கைசா,
ரயில்பெட்டித் தொழிற்சாலையில் இரும்பு ஒட்டுபவள்,
நகக்கண்ணில் எப்போதும் கரி.
“விடை சரி. அம்புதான் பிழை.”
மேசையில் பூட்டிய சுற்றில் அம்பியர்மானியும்
பூச்சியத்துக்குக் கீழே முள்ளைச் சாய்த்துக் காட்டியது.
சின்ன மின்கலம் கொடுக்கவில்லை.
வாங்கிக்கொண்டிருந்தது.

அவளுடைய டிரக் படுத்து மூன்று கிழமை.
வகுப்பு முடிய நான்தான் வீட்டில் இறக்கிவிடுவது.
பெட்ரோல் காசு நீட்டினாள், வாங்கவில்லை.
அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஆர்தர் தெருவில் சிவப்பு.
தமக்கையின் விவாகரத்து,
இரவில் காருக்குச் சூடேற்றும் வயரை எங்கே சொருகுவது,
தாய் சுடும் ஏலக்காய்ப் பாண்,
ஒன்றிலிருந்து ஒன்றாகத் தாவிக்கொண்டு
நடுநடுவே ‘நிரோ-ஜி-னி’ என்று
என் பெயரை மூன்றாக உடைக்கிறாள்.
போன செவ்வாய்க்குப் பிறகு
இந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை.

பச்சை விழுந்தது.
பின்னால் ஒருவன் ஹோர்ன் அடிக்கிறான்.
நான் இன்னும் காரை எடுக்கவில்லை.