முப்பத்தெட்டு விநாடி

உரை ஏழு நிமிடம்.
மழை வரும்போலிருக்கிறது, அதற்கு மேல் வேண்டாம்
என்று சொல்லிவிட்டார் துணைமேயர் அரியோஸ்தோ.
வெள்ளம் வந்து பத்தாண்டு, நினைவுக்கல் திறப்பு.
முடிவுரையை அவரே எழுதிவிட்டார்:
"தளராத நம் மக்கள்" என்று தொடங்குகிறது.
நடுவில் மட்டும் இடம் விட்டிருக்கிறார்
பல் விழுந்த வாய் மாதிரி.
பதினோரு பேரிடம் பேசி
அந்த ஓட்டைகளை நான் அடைக்க வேண்டும்.

ஆகவே இந்த ஞாயிறு,
உருகுவே ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து
சமையலறை மேசையில் கேள்வி எழுதுகிறேன்.

அன்று என்ன உணர்ந்தீர்கள்?
அடித்துவிட்டேன்.
தொலைக்காட்சிக்குச் சொன்னதையே
எனக்கும் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

தண்ணீர் எத்தனையாவது படியில் நின்றது?
இருக்கட்டும்.
முதலில் எதைக் கூரைக்கு ஏற்றினீர்கள்?
இருக்கட்டும்.
எதை ஏற்றாமல் விட்டீர்கள்?
இது பென்சிலில்.
முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கேட்க முடியும்,
கேட்காமலும் திரும்பலாம்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால்
சாண் என்ன, முழம் என்ன என்பது
கரையில் நின்றவன் சொன்னது.
பெர்தோமோ சகோதரர்கள் வீட்டில்
ஒரு சாண் என்பது ஒரு மெத்தை.
இன்னொரு சாண், தையல் இயந்திரம்.
அளவுநாடாவையும் பையில் போட்டுக்கொண்டேன்.

ஒலிப்பதிவுக் கருவிக்குப் புது பேட்டரி.
சோதிக்க ஒரு நிமிடம் ஓடவிட்டேன்.
திரும்பக் கேட்டால்
குளிர்பெட்டியின் முனகல், நாற்காலிக் கிரீச்,
நடுவே யாரோ தொண்டையைச் செருமுகிறார்கள்.
நான்தான்.

மறக்கக் கூடாதது, தாளின் தலையில், பெரிய எழுத்தில்:
மாத்தே குடுவையைத் திருப்பித் தரும்போது
நன்றி சொல்லாதே.
இங்கே அதற்குப் போதும் என்று பொருள்.
கெட்டிலை மூடிவிடுவார்கள்,
பேச்சையும்.

நேரம் கேட்க ஒவ்வொருவராக அழைத்தேன்.
தொரிபியோ, வியாழன். மருமகன் இல்லாதபோது வரச் சொன்னார்.
ஒருவர் எண்ணை மாற்றிவிட்டார்.
நேலிதா எச்செவர்ரி எடுத்ததும் கேட்டார்:
எத்தனை நிமிட உரை?
ஏழு.
எத்தனை பேர்?
உங்களோடு பதினொன்று.
மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
சந்தையில் முப்பது வருடம் கல்லாவில் இருந்தவர்.
ஆளுக்கு முப்பத்தெட்டு விநாடி என்றார்,
அதுவும் உன் துரை
ஒரு தடவைகூடத் தும்மாமல் இருந்தால்.

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன்.

பரவாயில்லை, வா, செவ்வாய் நாலு மணிக்கு.
ஆனால் எனக்கும் ஒரு கேள்வி உண்டு, எழுதிக்கொள்.
நாங்கள் கோழிக்கூண்டோடு கூரையில் உட்கார்ந்திருந்தபோது
வானொலி சொல்லிக்கொண்டே இருந்தது,
நிலைமை கட்டுக்குள் இருக்கிறது, நிலைமை கட்டுக்குள்.
கூண்டு நனைந்த பிறகும் சொன்னது.
அந்த வாக்கியத்தை எழுதியது யார்?
நகராட்சியில்தானே இருக்கிறாய்,
விசாரித்துக்கொண்டு வா.

எழுதிக்கொள்கிறேன் என்றேன்.
எழுதினேன்.
என் கையெழுத்து பத்தாண்டில் அவ்வளவாக மாறவில்லை.
அன்று இரண்டாம் மாடியில், காய்ந்த செருப்போடு,
மாவட்ட அலுவலகத்துக்குத் தொலைபேசி கிடைக்காமல்
ஒரு வார்த்தையாவது போகட்டும் என்று
நான்தான் தட்டச்சு செய்தேன்.
கட்டுக்குள் என்ற சொல்லுக்கு முன்
கொஞ்சம் தயங்கியதாக நினைவு.
அப்படி நினைவு வைத்துக்கொள்ள எனக்கு வசதியாகவும் இருக்கிறது.

பன்னிரண்டாவது என்று எண் போட்டு, அழித்தேன்.
ஒன்று என்று போட்டால்
அவர் மற்றதைச் சொல்வாரா?
கடைசியில் வைத்தால்
மற்றதை வாங்கிக்கொண்ட பிறகு சொன்னதாகாதா?
எண் இல்லாமல் ஓரத்தில் நிற்கிறது.

செவ்வாய்க்கு இன்னும் இரண்டு நாள்.
கருவியை மறுபடி ஓடவிட்டு
அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன்,
நான் எழுதினேன், நேலிதா, என்று.
நான்கு விநாடிதான் ஆனது.
குளிர்பெட்டி அதன் பிறகும்
நெடுநேரம் பதிவாகிக்கொண்டிருந்தது.